ஒரே வேலியில் இரண்டு சுணைக்கொடி

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 46, குடியாத்தத்தில் ஜவுளிக்கடை. ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில், மாமனார் வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் கொல்லை ஒன்று இருக்கிறது. பொங்கல் கழித்து அதைப் பார்க்கப் போனேன். கம்பிவேலி தெரியாத அளவுக்குக் கொடி மண்டிக் கிடந்தது. இலை மூன்று மூன்றாக இருந்தது. வெறுங்கையால் பிடித்து இழுத்தேன். நெருப்புப் பட்டதுபோல முழங்கை வரை எரிந்து, திட்டுத் திட்டாகத் தடித்துவிட்டது. பக்கத்துக் கொல்லை ஆயா "காஞ்சொறி பட்டுடுச்சி" என்று சாணியைக் கரைத்துப் பூசினார். ஒரு மணி நேரத்தில் எரிச்சல் அடங்கியது. மிச்சக் கொடியையும் அரிவாளால் அறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் கழுத்து, வயிறு, தொடை என்று உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்பு. மறுநாள் என் மனைவிக்கும் வந்தது. யாரோ சொல்லிச் சுண்ணாம்பு தடவினேன். மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள், அதையும் போட்டேன். பத்து நாள் ஆகிறது. கையில் தோல் உரிந்து நீர் வடிகிறது. மகள் போனில் தேடிவிட்டு, இது கயோஃபோரா என்ற மலைக்கொடி என்கிறாள். விஷம் ரத்தத்தில் ஏறியிருக்குமா? பத்தியம் உண்டா? வேலிக்குக் களைக்கொல்லி அடித்துவிடலாமா? அந்தக் கொடியில் இருப்பது பூனைக்காலி, விதை நரம்புக்கு நல்லது, கை நடுங்கும் உங்கள் அப்பாவுக்குப் பொடித்துக் கொடுங்கள் என்றும் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வாசிப்பில் காஞ்சொறி என்று முடிவு கட்டிவிட்டேன். "இரவு ஒன்பது மணிக்கு மேல்" என்ற இடத்தில் இரண்டாம் முறை கண் நின்றது. காஞ்சொறி அப்படிக் காத்திருந்து கடிக்காது. தொட்ட நொடியில் எரியும், சில மணி நேரத்தில் போய்விடும். மாலையில் அடங்கியது ஒன்று, இரவில் தொடங்கியது இன்னொன்று. உங்கள் வேலியில் இரண்டு கொடி ஏறியிருக்கிறது. கையில் பத்தாம் நாள் நீர் வடிவது மூன்றாவது சமாச்சாரம். அது செடியால் வந்ததே இல்லை.

முதலில் மகள் சொன்ன பெயர். கயோஃபோரா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளர்வது. பெரு, பொலிவியா, அர்ஜென்டினா பக்கம் போனால் பார்க்கலாம். 'எரிச்சலைச் சுமப்பது' என்றுதான் அந்தக் கிரேக்கப் பெயருக்கே அர்த்தம். 'மலையில் ஏறும் கொடி, சுணை உண்டு' என்று தட்டினால் போன் அதைக் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் ஒடுகத்தூர் வேலிக்கு அது வர வழியில்லை. அந்தக் குடும்பத்துச் செடிகளின் சுணை, அதாவது குத்தும் மெல்லிய ரோமம், அதன் முனையில் நம் பல்லில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டே இருக்கிறது என்று 2016-ல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பல்லுள்ள செடி என்று மகளிடம் சொல்லுங்கள், ரசிப்பாள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். "இலை மூன்று மூன்றாக" என்று எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் அங்கேதான். ஒரே இலை மூன்று விரலாகப் பிளந்து, ஓரம் ரம்பம்போல இருந்தால் அது காஞ்சொறி. செந்தட்டி என்றும் சொல்வார்கள். தாவர நூல்களில் டிராகியா. இதிலேயே இலை பிளவுபடாத வகையும் உண்டு. மெல்லிய கொடி, ஆமணக்குக் குடும்பம். அதனால் காயும் ஆமணக்குக் காய்போல மூன்று பருப்பு ஒட்டிய மாதிரி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு காம்பில் மூன்று தனி இலைகள், மொச்சை இலை மாதிரி அகலமாக இருந்தால் அது பூனைக்காலி. அவரைக் குடும்பம். இரண்டு மூன்று அங்குலத்தில் வளைந்த காய், மேலே பழுப்பு வெல்வெட் போர்த்தியதுபோல இருக்கும். தை, மாசியில் காய்ந்து தொங்கும். பூனையின் கால்போல இருப்பதால் அந்தப் பெயர். தடவிப் பார்க்கத் தோன்றும் அழகு. தடவினால் தெரியும்.

இரண்டிலும் கடிப்பது சுணைதான். நெல் சுணை, கரும்புச் சோகையின் சுணை என்று நாம் சொல்வோமே, அதன் பெரியண்ணன்கள். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. வைத்தியம் மாறுவதும் அதனால்தான்.

காஞ்சொறியின் சுணையை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். நீண்ட ஓர் உயிரணு, அதற்குள் நிமிர்ந்த ஊசி ஒன்று. கால்சியம் ஆக்சலேட் படிகத்தால் ஆனது. பெரும்பாலான சிறுநீரகக் கல் எதனால் ஆனதோ, சேனையும் கருணையும் நாக்கில் அரிப்பது எதனாலோ, அதே பொருள். தோல் பட்டதும் மெல்லிய உறை கிழிந்து ஊசி வெளியே வந்து குத்துகிறது. ஊசியின் பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் உண்டு. அதன் வழியே எரிச்சல் தரும் சாறு தோலுக்குள் இறங்குகிறது. குத்துவது, எரிவது, தடிப்பது எல்லாம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். ஊட்டிப் பக்கம் சுற்றுலா போய்ச் செடி கொட்டிவிட்டது என்று வருகிறவர்களுக்குக் கடித்தது வேறு இனம். அதன் சுணை முனை கண்ணாடிபோல உடைந்து, ஊசி மருந்துக் குப்பி மாதிரி வேலை செய்யும்.

பூனைக்காலியின் சுணை தொட்ட இடத்தோடு நிற்காது. காயிலிருந்து தானே உதிரும். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளம், காற்றில் பறக்கும் எடை. ஒரு காய் குலுங்கினாலே ஆயிரக்கணக்கில் கொட்டும். அதில் மியூகுனைன் என்ற புரதம் இருக்கிறது. இறைச்சியை மென்மையாக்கப் பப்பாளிக் காயைப் போடுவோம் இல்லையா, அதிலிருக்கும் நொதியின் ஜாதிதான் இதுவும். தோலில் இருக்கும் அரிப்பு நரம்புகளை இது நேரடியாகத் தட்டி எழுப்புகிறது. 1955-ல் ஷெல்லி, ஆர்தர் என்ற இருவர் இதற்குப் பெயர் வைத்தார்கள். எந்தக் கதவைத் தட்டுகிறது என்பது 2008-ல்தான் தெரிந்தது. நமக்கு வேண்டிய விஷயம் இவ்வளவுதான்: இந்த அரிப்பு, அலர்ஜியின்போது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் வழியாக வருவதில்லை. அதனால் அலர்ஜி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படிப்பு முடித்த புதிது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் இரவுப் பணி. விறகு வெட்டிவிட்டு வந்த ஒருவர் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். பூச்சிக்கடி என்று நினைத்து அவில் என்ற அலர்ஜி ஊசி போட்டேன். மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டார். நமக்கும் பெருமை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து முன்னைவிட மோசமாகச் சொறிய ஆரம்பித்தார். இன்னொரு ஊசியை எடுத்தேன். தரை துடைக்க வந்த அம்மா அவர் தோளைப் பார்த்துவிட்டு, "அந்தத் துண்ட மொதல்ல தூக்கிக் கடாசச் சொல்லு சார்" என்றார். விறகுக்கட்டுக்குச் சும்மாடாக வைத்திருந்த துண்டு. இரவெல்லாம் அதையே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செம்பழுப்பு ரோமம் பொன் தூள்போல மின்னியது. துண்டை மாற்றி, ஒட்டும் டேப்பால் முதுகை ஒற்றி எடுத்து, சோப்புப் போட்டுக் குளிக்க வைத்ததும் அரை மணியில் சரியாகிவிட்டார். பட்டம் என்னுடையது, வைத்தியம் அந்த அம்மாவுடையது.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. அரிவாளால் அறுத்தபோது காய் குலுங்கிச் சட்டையிலும் லுங்கியிலும் சுணை இறங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கழுத்து, வயிறு என்று பரவியது. மனைவிக்கு மறுநாள் வந்தது, அவர் துவைக்க எடுத்தபோதோ ஒரே போர்வையில் படுத்தபோதோ வந்திருக்கும். தொற்று எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். அன்று உடுத்திய துணி, துண்டு, போர்வை, வண்டி சீட் கவர் இன்னும் அப்படியே இருந்தால் மற்ற துணியோடு சேர்க்காமல் கொதிநீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள். சூட்டில் அந்தப் புரதம் செத்துவிடும். சூடுபடுத்திய சுணையைத் தோலில் குத்திப் பார்த்த ஆய்வுகளில் குத்தல் தெரிந்ததே தவிர அரிக்கவில்லை. உதறாதீர்கள். உதறினால் பக்கத்து வீட்டுக்காரரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

இனி இப்படி நேர்ந்தால் முதல் ஐந்து நிமிடம் முக்கியம். எந்தக் கொடியாக இருந்தாலும் தேய்க்கக் கூடாது. சொல்வது சுலபம், கை தானாகப் போகும், தெரியும். தேய்த்தால் காஞ்சொறி ஊசி ஆழமாக இறங்கும், பூனைக்காலி சுணை புது இடத்துக்குப் போகும். செல்லோடேப்போ, பார்சல் ஒட்டும் டேப்போ இருந்தால் மெதுவாக ஒட்டி இழுத்து எடுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. ஜவுளிக்கடைக்காரருக்கு டேப்புக்குப் பஞ்சமா? பிறகு ஓடும் நீரில் விட்டு, சோப்பு நுரையை மேலாக ஓட்டி அலசுங்கள். காஞ்சொறித் தடிப்புக்குக் குளிர்ந்த துணி ஒத்தடமும் காலமைன் லோஷனும் போதும். தடிப்பு அதிகம் என்றால் இரவில் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை ஒன்று போடலாம். போட்டுவிட்டு வண்டி ஓட்ட வேண்டாம். சுணை கண்ணில் விழுந்தால் கசக்காமல் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் டேப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆயா பூசிய சாணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எரிச்சல் ஒரு மணியில் அடங்கியது சாணியால் என்று நினைக்கிறீர்கள். பூசாமல் விட்டிருந்தாலும் அடங்கியிருக்கும். ஈரச் சாணியின் குளிர்ச்சி சுகமாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சாணியில் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். கீறல் பட்ட தோலில் அதைப் பூசியிருக்கிறீர்கள். கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இன்றே போட்டுக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள். ஆயா மேல் கோபம் வேண்டாம். செடியின் பெயரைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

சுண்ணாம்புதான் உங்கள் கையைக் கெடுத்தது. தேள் கடிக்கும் சுண்ணாம்பு, குளவி கடிக்கும் சுண்ணாம்பு என்று நம்மிடம் ஒரு பழக்கம். சுண்ணாம்பு கடுமையான காரம். சொறிந்து மேல்தோல் போன இடத்தில் தடவினால் பொசுக்கும். அதன்மேல் அந்த டியூப். பெயரை நீங்கள் எழுதவில்லை. சீட்டில்லாமல் கொடுத்ததென்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி மூன்றையும் கலந்தடித்த களிம்பாக இருக்கும். முதல் நாள் அரிப்பைக் குறைத்து நம்மை ஏமாற்றும். பிறகு தோலை மெலிய வைத்து, புண்ணை ஆறவிடாமல், படையை ஒளித்து வளர்க்கும். என்னிடம் வரும் நாள்பட்ட படை நோயாளிகளில் பாதிப்பேர் பையில் இப்படி ஒரு டியூப் இருக்கும். வருடக்கணக்காகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் நிறுத்துங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான பருத்தித் துணியால் தளர மூடி வையுங்கள். நீர் வடிவது மஞ்சளாகிப் பொருக்குத் தட்டினாலோ, கை சூடாகி நெறி கட்டினாலோ கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள், தாமதிக்கக் கூடாது. அது இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் தோல் மருத்துவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். புண் ஆறிய பிறகு கருப்புத் தழும்பு சில மாதம் நிற்கும், தானே வெளுக்கும்.

விஷம் ரத்தத்தில் ஏறவில்லை. கத்தரிக்காய், கருவாடு எதையும் விட வேண்டாம்.

களைக்கொல்லி வேண்டாம் என்பேன். நான் விவசாய அதிகாரி இல்லை, தோல்காரனாகச் சொல்கிறேன். மருந்தடித்தால் இலை காயும், காயின் மேல் உள்ள சுணை சாகாது. உலர்ந்த சுணைதான் இன்னும் எளிதாகப் பறக்கும். அரிப்புப் பொடி என்று விளையாட்டுச் சாமானாக விற்றதே இந்த உலர்ந்த சுணையைத்தான். எரிக்கவும் கூடாது, சூட்டுக் காற்றோடு கிளம்பும். இப்போது தொங்கும் காய்களை விடியற்காலை பனி ஈரத்தில், காற்றில்லாத நேரத்தில் அறுங்கள். நீளக் கழியில் அரிவாளைக் கட்டி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, அறுத்ததை ஈரச் சாக்கில் வாங்கி, குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தலையில் துணி. நூல் கையுறை போட்டால் சுணை உள்ளே புகும், தோல் கையுறை வேண்டும். அதற்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஒருபக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, மறுபக்கம் ராணிப்பேட்டை. 2019-ல் வேலூர் மாவட்டத்தைத்தான் மூன்றாகப் பிரித்தார்கள், தோல் தொழில் எங்கும் போய்விடவில்லை.

அடுத்த வருடத்துக்கு ஒன்று. பூனைக்காலி பெரும்பாலும் விதையிலிருந்து வருடா வருடம் புதிதாக எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் ஊதாப் பூ சரம் சரமாகத் தொங்கும்போதே அறுத்துவிட்டால் காயும் இல்லை, சுணையும் இல்லை, மறு வருட விதையும் குறையும். காஞ்சொறிக்கு இது பலிக்காது. அடியில் வேர்க்கட்டை இருந்து மழைக்கு மறுபடி துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியால் வேரோடு தோண்ட வேண்டும்.

கடைசியாக அப்பா விஷயம். பூனைக்காலி விதையில் மருந்து இருப்பது உண்மை. பார்க்கின்சன் நோய்க்கு இன்று கொடுக்கும் லெவோடோபா அந்த விதையில் இருக்கிறது. 1937-லேயே தாமோதரன், இராமசாமி என்ற இருவர் அதிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். சித்த வைத்தியத்திலும் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்துதான் பயன்படுத்துகிறார்கள். வேலியில் பறித்து மிக்சியில் அடிப்பது எந்த வைத்தியத்திலும் சேர்த்தி இல்லை. விதைக்கு விதை அளவு மாறும். ஒரு தேக்கரண்டியில் எவ்வளவு போகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. அளவு கூடினால் வாந்தி, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம், வயதானவர்களுக்கு இல்லாதது இருப்பதாகத் தெரிவதுகூட நடக்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ மனநல மாத்திரையோ சாப்பிட்டால் இன்னும் சிக்கல்.

அதைவிட முக்கியம், கை நடுக்கமெல்லாம் பார்க்கின்சன் இல்லை. அப்பா காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது நடுங்குகிறதா, சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்குகிறதா என்று இன்று மாலை கவனியுங்கள். எடுத்துக் குடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது வேறு வகை நடுக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதற்கு லெவோடோபா உதவாது. தைராய்டாலும் வரும், சில மாத்திரைகளாலும் வரும். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

உங்கள் கையைக் காட்ட என்னிடம் வந்தாலும் சரி, குடியாத்தத்திலேயே காட்டினாலும் சரி. அந்த டியூபைக் கையோடு எடுத்து வாருங்கள், பெயரைப் பார்க்க வேண்டும். காயைக் கொண்டுவர வேண்டாம், போனில் படம் போதும்.